மணற்குழிக்கு விரித்த பேண்டேஜ் துணி

டாக்டர் கால்ப் மட்டையை ஓங்கி வீசினார். மணல் தெறித்தது. பந்து இருந்த இடத்திலேயே கிடந்தது. மட்டையின் நுனியில் மட்டும் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைத் துணி தொங்கியது.

அவர் எலும்பு முறிவு டாக்டர். துணியை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"என்னய்யா இது, எங்க ஆஸ்பத்திரித் துணியில்லா?" என்றார்.

கூட ஆடிக்கொண்டிருந்தவர் மெதுவாக இரண்டடி பின்னால் நகர்ந்தார். "உள்ள யாரையும் பொதைச்சு வச்சிருக்கியளா?"

பத்தடி தள்ளி, மணலை இழுத்துச் சமன் செய்கிற ரேக்கைக் கையில் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. மேற்கே மலை கழுவி வைத்தாற்போல் துல்லியமாகத் தெரிந்தது. டாக்டர் குனிந்து துணியை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது, பிய்ந்து பிய்ந்து, சேற்று நிறத்தில்.

வேலை போய்விடும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது. அதற்கு முன்னால் வந்த நினைப்பு, இனிமேல் சரோஜாவிடம் எதைப் பற்றிப் பேசுவது என்பது.

மில்லிலிருந்து மைதானத்துக்கு

சில வாரங்களாக இந்தப் பத்திரிகையில், நான் வேலை பார்த்த நூல் மில் கதையாகவே எழுதிக்கொண்டிருந்தேன். மில்லை விட்டு வந்தபின் என்ன செய்தீர்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். குழி தோண்டினேன் ஐயா. கூலிக்கு ஆள் வைத்துத் தோண்டினேன் என்பதால் எனக்கு சூப்பர்வைசர் என்று பெயர்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து மலையைப் பார்த்துப் போகிற ஒரு பாதையில், வசதியானவர்கள் சிலர் சேர்ந்து மாந்தோப்பை வாங்கி கால்ப் மைதானம் போட்டிருந்தார்கள். சின்ன மைதானம்தான். ஓரத்து மாமரங்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அதன் செகரட்டரி, மில் காலத்திலிருந்தே எனக்குப் பழக்கம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கடைவீதியில் என்னைப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்தினார்.

"ஏமய்யா, வீட்டுல சும்மாதான இருக்கீங்க? வந்து பங்கர் வேலையைப் பாருங்க. மழைக்கு முன்னால முடிக்கணும். மழை முடிஞ்சா போட்டி வச்சிருக்கோம்."

பங்கர் என்றால் என்ன என்று கேட்காமலே சரி என்றேன். காலையில் எழுந்து போவதற்கு ஒரு இடம் கிடைக்கிறதே என்று இருந்தது.

மூன்று மாதம் என்று போனவள்

சரோஜா என் மனைவி. மகன் பூனாவில் வேலையில் இருக்கிறான். மருமகளுக்குப் பிரசவம் என்று மூன்று மாதத்துக்குத் தேவையான சேலைகளை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். அப்போது பிறந்த பேரன் இப்போது யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். மகனும் மருமகளும் காலையில் ஆபீஸுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இதில் யாரையும் குறை சொல்ல வழியில்லை. வழி இருந்தால் சொல்லியிருப்பேன், அந்தக் குணம் எனக்கு உண்டு.

நானும் போய் ஒரு மாதம் இருந்து பார்த்தேன். ஒன்பதாவது மாடி. ஹால் சோபாவில் படுக்கை. நான் எழுந்தால்தான் மற்றவர்கள் அங்கே உட்கார முடியும் என்பதால் விடிவதற்கு முன்பே எழுந்து பால்கனியில் போய் நிற்பேன். லிஃப்டில் வருகிறவர்கள் இந்தியில் ஏதாவது கேட்பார்கள். சிரித்து வைப்பேன். வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஒரு சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டேன். மகன், "இருங்கப்பா" என்றான். சரோஜா மடியில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு ராஜபாளையத்து வீட்டில் நான் ஒரு ஆள். காலையில் வைத்த சோறுதான் ராத்திரிக்கும். டி.வி.யை நான் பார்ப்பதில்லை, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் ஒரு மனிதக் குரல் கேட்க வேண்டுமே. காஸ் சிலிண்டர் தீரவே தீராது. கொண்டுவருகிற தம்பி, "இம்புட்டு நாளா ஊருல இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டான். ஊரில்தான் இருக்கிறேன், சமையல்தான் இல்லை என்றேன்.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு சரோஜா போன் செய்வாள்.

"சாப்பிட்டியளா?"

"இனிமேத்தான்."

"மாத்திரை போட்டியளா?"

"போட்டேன்."

"பால்கோவா அனுப்பாதிய. இங்க யாரும் திங்க மாட்டேங்காவ."

"சரி."

அப்புறம் இரண்டு பேரும் சும்மா இருப்போம். பின்னால் பேரன் ஏதாவது கேட்டு அழுவான். "வச்சிரட்டா?" என்பாள். வைத்துவிடுவாள்.

ஒரே வீட்டில் இருந்தவரைக்கும் நாங்கள் பேச விஷயம் தேடியதில்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, குழம்பில் உப்பு தூக்கல், எதிர்வீட்டுக்காரன் வண்டியை நம் வாசலில் நிறுத்துகிறான். இதெல்லாம் பேச்சு என்றே அப்போது தோன்றவில்லை. போனில் சொல்லலாம் என்று பார்த்தால் சொல்வதற்கு முன்பே சப்பென்று ஆகிவிடும்.

அவள் திரும்பி வருவாளா? அந்த வருடங்களில் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விதான். அவளிடம் அதை நான் கேட்கவில்லை. கேட்டு, மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயம். அவளாகச் சொல்லட்டுமே என்கிற வீம்பும் இருந்தது.

தண்ணி நிக்கணுமா, போகணுமா?

கால்ப் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து விழ வேண்டிய குழி ஒரு சொம்பு அளவுதான். விழக் கூடாத குழி ஒரு மாட்டுத் தொழுவம் அளவுக்கு இருக்கும், அதில் மணலை நிரப்பி வைத்திருப்பார்கள். அதுதான் பங்கர். தாங்களே வெட்டிவைத்த பள்ளத்தில் தாங்களே போய் மாட்டிக்கொண்டு, ஏகத்துக்கும் திட்டிவிட்டு, வெளியே வருவது ஆட்டத்தில் ஒரு பகுதி. பெரிய பெரிய மனிதர்கள் வாயிலிருந்து நான் கேட்ட வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

மைதானம் போட்டபோது வெறும் தரையில் மணலைக் கொட்டிவிட்டிருந்தார்கள். அடியிலிருந்து செம்மண்ணும் கல்லும் மேலே ஏறி மணலோடு கலந்துவிட்டது. வெயிலில் சிமெண்ட் மாதிரி இறுகும், மழையில் குட்டையாகும். அதையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, அடியில் ஓட்டை போட்ட பைப், அதன் மேல் ஜல்லி, ஜல்லிக்கு மேல் ஒரு துணி, துணிக்கு மேல் சலித்த எம்-சாண்ட். இதுதான் வேலை. துணி தண்ணீரைக் கீழே விட வேண்டும், மண்ணை மேலே விடக் கூடாது.

வேலைக்கு வத்திராயிருப்புப் பக்கமிருந்து, கூமாப்பட்டி, கான்சாபுரத்து ஆட்கள் வேனில் வந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். அவர்களுக்கெல்லாம் மேஸ்திரி மாதிரி மரியபுஷ்பம். கான்சாபுரத்துக்காரி. எந்த அவசரம் என்றாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போயே தீருவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டு வேலையில் இறங்கியவள்.

முதல் பங்கரைத் தோண்டச் சொல்லிவிட்டு நான் பைப் வாங்க ராஜபாளையம் போனேன். மத்தியானம் திரும்பிவந்து பார்த்தால், குழியின் அடியை மட்டமாக மிதித்து, அடித்து இறுக்கி, சுற்றிலும் கரை எடுத்து, ஒரு மூலையில் மடைகூட வைத்திருந்தார்கள். நாற்று கொண்டுவந்தால் நட்டுவிடலாம்.

"என்னம்மா இது?"

"எம்புட்டு சுத்தமா வந்திருக்குன்னு பாருங்க. ஒரு சொட்டு கீழ எறங்காது," என்றாள் மரியபுஷ்பம்.

"எறங்கணும்மா. தண்ணி நிக்கக் கூடாது. ஓடிரணும்."

அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை நம்பாமல் பார்த்தாள். "தண்ணியத் தொரத்துததுக்கா இம்புட்டு ஆளு? எங்க ஊருல அது நிக்கதுக்குல்லா உயிர விடுதோம்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் அவர்கள் நிறுத்திவிட்டு மண்ணை வெட்ட ஆரம்பித்தார்கள்.

சாப்பாட்டு நேரமும் அப்படித்தான். அவர்கள் ஒரு மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை எல்லோருமாக ஊற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒரு நாள் நானும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒருவர் எழுந்து துண்டால் தரையைத் தட்டி எனக்கு இடம் காட்டினார். பேச்சு அதோடு நின்றுபோனது. மறுநாளிலிருந்து நான் வேறு மரத்தடிக்குப் போனேன். தனியாக உட்கார்ந்திருப்பதை அவர்கள் பார்க்கிறார்களே என்று போனைக் காதில் வைத்து, யாரோடோ பேசுவது போல் "ஆமா, ஆமா" என்பேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

சத்திரப்பட்டித் தைரியம்

துணிதான் வரவில்லை. செகரட்டரி எனக்கு ஒரு மாதிரித் துண்டு காட்டியிருந்தார், கறுப்பாக, கம்பளி மாதிரி இருந்தது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கப்பலில் இருக்கிறது என்று அதை அனுப்ப வேண்டிய சென்னைக்காரன் சொல்லிக்கொண்டே இருந்தான். பைப்பும் ஜல்லியும் போட்டு, குழிகள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. வானம் தினமும் சாயங்காலம் கறுத்துக் காட்டியது. "வந்துச்சா, வந்துச்சா?" என்று செகரட்டரி காலையிலும் மாலையிலும் கேட்டார்.

அந்தச் சமயத்தில் சத்திரப்பட்டியில் குருசாமி மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போனேன். சரோஜாவின் அண்ணன். தறிக்கூடம் வைத்திருக்கிறார். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணிதான் ஓடும். நான் சரோஜாவைப் பெண் பார்க்கப் போனதும் அந்தக் கூடத்துக்குத்தான். தறிச் சத்தத்தில் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்றும் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். வெளியே வந்தபோது கல்யாணம் முடிவாகியிருந்தது. அவள் தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத்தூசி ஒட்டியிருந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மச்சானிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் கூடத்து மூலையில் அடுக்கிக் கிடந்த துணிக்கட்டுகளைக் காட்டினார்.

"தண்ணி போகணும், மண்ணு போகக் கூடாது. அம்புட்டுத்தான? ஊரு ஒலகத்துக் காயத்துக்கெல்லாம் நம்ம துணிதான் போகுது மாப்ள. ஒரு மணல் குழிக்கு ஆகாதா?"

சத்திரப்பட்டிக்காரர்களுக்கு எதற்கும் முதலில் கைக்கு வருவது பேண்டேஜ் துணிதான். பால் வடிகட்ட அது, ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்ட அது, ஜன்னலில் கொசு வராமலிருக்க அது. நானும் அந்த வீட்டு மருமகன்தானே. மில்லில் நான் பார்த்தது இயந்திரம். பஞ்சு நூலாகி லாரியில் ஏறுவதோடு என் வேலை முடிந்தது. அந்த நூல் துணியாகி மண்ணுக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கும் தேவை எனக்கு வந்ததில்லை. துணிக்குத் துணி சரியாகப் போச்சு என்று நினைத்தேன். செகரட்டரியும் மழைப் பயத்தில் சரி என்றார்.

அன்று சாயங்காலம் சரோஜாவிடம் இதை ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். அந்தப் பக்கம் குரலே மாறிவிட்டது.

"எந்தத் துணி? வெளுத்ததா, கஞ்சித் துணியா?"

"கஞ்சித் துணிதான். தறியிலேருந்து எறக்குனது அப்படியே."

"எத்தன மடிப்பாப் போடப் போறிய?"

"மடிப்பா? விரிச்சுப் போட வேண்டியதுதான."

"நல்லாப் போட்டிய! ஒத்தையாப் போட்டா துணிக் கண்ணு வழியா மண்ணு ஏறிரும். நாலு மடிப்பாப் போடணும். ஒண்ணு நீளவாக்குல, அடுத்தது குறுக்க." பின்னால் பேரன் அழ ஆரம்பித்தான். "செத்த இருடா, தாத்தாகிட்டப் பேசுதேன்லா," என்றாள். அப்படி அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"தாங்குமா சரோஜா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "போட்டுத்தான் பாருங்களேன்," என்றாள்.

அன்றைக்குப் பேசி முடித்தபோது அடுப்பில் வைத்த ரசம் சுண்டி, பாத்திரம் கருகியிருந்தது. கரியைச் சுரண்டிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நம்புங்கள்.

சாப்பாட்டு நேரத்துப் போன்

அதன் பிறகு அவள் மத்தியானமும் கூப்பிட ஆரம்பித்தாள். பேரன் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். எந்தக் குழிக்கு எத்தனை கட்டு ஆனது, ஓரத்தை எப்படி மடித்தீர்கள், கோணி ஊசி கிடைத்ததா, எல்லாம் கேட்பாள். நான் மாமரத்தடியில் உட்கார்ந்து சத்தமாகப் பதில் சொல்வேன்.

"ஏட்டி, சூப்பர்வைசருக்குப் பொண்ணு பாத்திருக்காவ போல," என்று மரியபுஷ்பம் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள், எனக்குக் கேட்கிற மாதிரியே.

"என் பொண்டாட்டிதாம்மா."

"பொண்டாட்டிகிட்டயா இப்படிச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதிய?"

இந்தத் தடவை நான் சிரித்த பிறகும் அவர்கள் சிரிப்பை நிறுத்தவில்லை.

துணிகளை ஒன்றோடு ஒன்று மூட்ட வேண்டியிருந்தது. வீடியோ போனில் குழியைக் காட்டினேன். சரோஜா ஒன்பதாவது மாடியிலிருந்து வேலை வாங்கினாள். "ஏட்டி, ஓரத்த உள்ள மடிச்சுத் தையி. பிரிஞ்சிரும்லா." மரியபுஷ்பமும் போனைப் பிடுங்கிக்கொண்டு, பூனாவில் மீன் கிடைக்குமா, பேரன் சாப்பிடுகிறானா என்று விசாரித்தாள். கோணி தைக்கும் நைலான் நூலில் பெண்கள் குழியைச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். துணி விரித்து முடிந்த குழியைப் பார்த்து, "பெரிய ஆளுக்குக் கட்டுப் போட்டாப்புல இருக்கு," என்று சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சின்னத் திரையில் அவள் முன்பல் ஒன்று விழுந்திருப்பதைப் பார்த்தேன். எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. அன்று முழுவதும் அது உறுத்திக்கொண்டிருந்தது.

"அக்கா எப்ப ஊருக்கு வருவாவ?" என்று மரியபுஷ்பம் கேட்டாள்.

"வருவா," என்றேன்.

வேலை முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் நன்றாயிருக்கும் என்று ஆசைப்பட்ட ஒரே சூப்பர்வைசர் நானாகத்தான் இருப்பேன். அவர்கள் சுறுசுறுப்பான ஆட்கள், முடித்துவிட்டார்கள். மணலைக் கொட்டி நிரவினோம். காலையில் மயில்கள் வந்து புது மணலில் புரண்டன. வேன் வருவது நின்றது. செகரட்டரி என்னை மட்டும் மணல் இழுக்கிற வேலைக்கு வைத்துக்கொண்டார்.

போன் பேச்சு பழையபடி சுருங்கியது. "மணலு எப்படி இருக்கு?" என்பாள். "அப்படியேதான் இருக்கு," என்பேன். மணலைப் பற்றி அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? மாத்திரை போட்டியளா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். பிறகு அடைமழை பிடித்தது. அது விட்டபோதுதான் டாக்டர் மட்டையோடு வந்தார்.

தையல் மட்டும்

செகரட்டரி வந்து நின்று பார்த்தார். எனக்கு ஒரு மண்வெட்டியைக் கொடுத்துத் தோண்டச் சொன்னார். மணலுக்கு அடியில் துணி என்று ஒன்று இல்லை. சில இடத்தில் கரையான் மண்ணாகக் கட்டியிருந்தது, சில இடத்தில் கொழகொழவென்று மக்கி ஜல்லி இடுக்குகளை அடைத்திருந்தது. செம்மண் மறுபடியும் மேலே ஏறியிருந்தது. டாக்டரும் அவர் நண்பரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏமய்யா," என்றார் செகரட்டரி. அவர் கத்தியிருந்தால் தேவலை. "ஊரே சிரிக்கும். கப்பல்ல வந்த துணி அடுத்த வாரம் வருதாம். எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டு மொதல்லேருந்து போடுங்க. இந்தத் தடவ மச்சானக் கேக்க வேண்டாம்."

மறுநாள் வேன் மறுபடி வந்தது. தோண்டத் தோண்ட மரியபுஷ்பத்துக்கு முகம் வாடிவிட்டது. பெண்கள் போட்ட நைலான் தையல் மட்டும் மணலுக்குள் நீளமாக, நேராக, எதையும் பிடித்துக்கொள்ளாமல் கிடந்தது. அவள் அதைக் கையில் சுருட்டி எடுத்தாள்.

"தையலுக்கு ஒண்ணும் ஆகல பாத்தியளா. அக்காகிட்ட மறக்காமச் சொல்லுங்க," என்றாள்.

நானே கூப்பிட்டேன்

அன்று சரோஜாவின் போனுக்காகக் காத்திருக்கவில்லை. வெயில் தாழ வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் நானே கூப்பிட்டேன். டாக்டர் மட்டையில் துணி தொங்கியதையும், கூட வந்தவர் பிணம் புதைத்திருக்கிறதா என்று கேட்டதையும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கரையானா?" என்றாள்.

"கரையான் பாதி. மிச்சம் மக்கிப் போச்சு."

"கஞ்சித் துணில்லா. விடுமா."

அதைச் சொன்ன விதத்தில் ஆச்சரியமே இல்லை. எனக்குச் சுருக்கென்றது.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் போட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"தெரியும். எங்க அப்பா கழிவுத் துணியத் தென்னைக்கு அடியிலதான் பொதைப்பாவ. ஒரு மழை பேஞ்சா மண்ணோட மண்ணாயிரும். அண்ணனுக்கும் தெரியாம இருக்காது. சரக்கு போனாப் போதும்னு இருந்திருப்பாவ."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தெரிஞ்சுக்கிட்டா நாலு மடிப்பு, குறுக்கு மடிப்புன்னு அம்புட்டு நாளும் பேசுன? அந்தாளுக முன்னால செகரட்டரி மண்வெட்டியக் குடுத்துத் தோண்டச் சொன்னாரு. இந்த வயசுல எனக்கு இது தேவையா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

அவள் என்னைப் பேச விட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள்.

"மொத நாளே மக்கிரும்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

"அந்தத் துணியவே போட்டிருக்க மாட்டேன்."

"ஆமா. சரின்னு சொல்லிட்டுப் போன வச்சிருப்பிய."

அவளே தொடர்ந்தாள்.

"காலையில இவிய ரெண்டு பேரும் போனா, பொழுது அடையுத வரைக்கும் இந்த வீட்டுல நான் வாயத் தொறக்கதே இல்ல. இந்தச் சின்னப் பயலும் இந்தியிலதான் பேசுதான். நான் ஒண்ணு சொன்னா அவன் ஒண்ணு சொல்லுதான். நீங்க அன்னைக்குத் துணின்னு ஆரம்பிச்சிய. எனக்கு அத நிறுத்த மனசு வரல. தப்புதான். உங்களத் தலைகுனிய வச்சிட்டேன்."

நடுவீட்டில் செருப்போடு நின்றிருந்தேன். அத்தனை வருடமும் தனியாகக் கிடப்பது நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். மகன், மருமகள், பேரன் என்று ஆட்களுக்கு நடுவில் இருக்கிறாள், அவளுக்கு என்ன குறை என்று மனதுக்குள் பொருமியும் இருக்கிறேன். கோபம் போன இடம் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. சத்தம் அவளுக்குக் கேட்கக் கூடாது என்று போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அழுதேன்.

"இருக்கியளா?" என்று அதற்குள்ளிருந்து கேட்டாள்.

"வந்துரு சரோஜா," என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். போகவில்லை.

"எப்படி வர?" என்றாள். "இவன் ஸ்கூல் விட்டு வந்தா கதவத் தொறக்க ஆளு வேண்டாமா? இப்ப வர முடியாது."

இந்தப் பதிலுக்குப் பயந்துதான் அவ்வளவு காலம் கேட்காமல் இருந்தேன். பயந்த மாதிரியேதான் வலித்தது. ஆனாலும் கேட்டாகிவிட்டது. அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நான் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"புதுத் துணி எப்ப வருது?" என்றாள்.

"அடுத்த வாரம்னு சொல்லுதாவ. ஏதோ பிளாஸ்டிக் நூலாம். மக்கவே மக்காதாம்."

"வந்த அன்னைக்கே கூப்பிடுங்க," என்றாள் சரோஜா. "அந்தத் துணியப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. நீங்கதான் மொதல்லேருந்து சொல்லணும்."